ரேணுகாவின் நடை

என் மனைவிக்கு முதல் தெவசம் முடிந்த அன்று மத்தியானம், சாப்பிட்ட இலைகளை எடுத்த பிறகு, என் மகன் கைப்பேசியை டிவியோடு இணைத்து ஒரு படம் போட்டான். பாளையம்பட்டி வீட்டு வாசலில் வைத்து அவளை எடுத்த பழைய புகைப்படம் அது. பல வருடமாக அதே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று அந்தப் படத்தில் அவள் கண்ணைச் சிமிட்டினாள். தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அழுதுவிட்டார்கள். என் மைத்துனர், "அப்படியே இருக்காளேப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மகனுக்கு வருத்தம். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒங்க தொழிலத்தானப்பா நானும் செஞ்சேன். நீங்க பொம்மைய அசைச்சீக, நான் போட்டோவ அசைச்சேன். அதுக்குப் போயி எந்திரிச்சுப் போயிட்டீகளே" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏன் எழுந்து போனேன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். மதுரைக் கல்லூரி ஒன்றில் படம் எடுக்கும் படிப்புப் படிக்கிற பிள்ளைகளும், பொம்மையை வைத்து அந்தக் காலத்தில் எப்படிப் படம் எடுத்தீர்கள், எழுதித் தாருங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி ஒன்று அருப்புக்கோட்டையில் இருந்தது. நான் அங்கே மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச காலத்தில் பேக்டரி நொடித்துப்போனதால் மூடினார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது முதலாளியின் மகள் சுந்தரவல்லி ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில், பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுக்கிற ஒருவரிடம் பல வருடம் வேலை பழகியவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பி வந்து, காலியாகக் கிடந்த பஞ்சு குடோனில் அதே தொழிலைத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் அந்தத் தொழிலில் முதலில் இறங்கியவர் அவர்தான். கடைசியும் அவர்தான். அவருக்குப் பிறகு இங்கே யாரும் அதைச் செய்யவில்லை.

பொம்மைக்கு உள்ளே எலும்பு மாதிரி இரும்புக் கம்பியும் குமிழும் வைத்து மூட்டு செய்ய வேண்டும். அதற்குத்தான் பிட்டர் வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஆனால் அக்கா என்னை முதலில் மூட்டு செய்ய விடவில்லை. ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே செத்த பொன்வண்டு ஒன்று கிடந்தது.

"இத நடக்க வையி" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்தத் தொழில்ல மொத மொத எறங்குனவுகள்ல ஒருத்தரு, வண்டு சண்டை போடுறதப் படம் புடிக்கப் பாத்தாராம். வெளக்கப் போட்டா வண்டு அசைய மாட்டேன்னு கெடந்து செத்துப் போச்சு. அப்பறம் செத்த வண்டோட கால எடுத்துட்டு, கம்பிய மெழுகுல ஒட்டி, துளித்துளியா நகத்திச் சண்ட போட வச்சாரு. பாத்தவுக, உசுருள்ள வண்டப் பழக்கி வச்சிருக்காருன்னு நம்புனாகளாம். செத்தத நடக்க வைக்கிறதுலதேன் இந்தத் தொழிலே ஆரம்பிச்சிருக்கு கணேசா."

அந்த வண்டு நடக்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. எத்தனையோ வண்டு என் கையில் நொறுங்கியது. முதலில் நடந்த வண்டு காற்றில் ஆடுகிற காகிதம் மாதிரி நடந்தது. அக்கா பார்த்துவிட்டு, "இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. அதுவா போகணும்" என்றார். பிறகு ஒருநாள் அது அதுவாகவே போயிற்று. அக்கா "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வேலை நடக்கிற விதத்தைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு வினாடி ஓடுகிற படத்துக்கு இருபத்துநான்கு தடவை படம் பிடிக்க வேண்டும். பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், விலகி நிற்க வேண்டும், பிடிக்க வேண்டும். திரும்ப ஒரு நூல். எவ்வளவு நகர்த்தினோம் என்று கண்ணால் கணக்கு வைக்க முடியாது. பேக்டரிப் பட்டறையில் உயரம் குறிக்கிற முள் ஒன்று இருந்தது. கனமான அடிக்கட்டையில் நிற்கிற ஊசி அது. அதைப் பொம்மையின் மூக்கு நுனியைத் தொட்டாற்போல் நிறுத்துவோம். பொம்மையை நகர்த்தினால் ஊசிக்கும் மூக்குக்கும் நடுவே விழுகிற இடைவெளிதான் அளவு. பார்த்துக்கொண்டு ஊசியை எடுத்துவிட்டுப் பிடிப்போம்.

அக்கா பொம்மையைத் தொடுவதற்கு முன்னால் கையைத் தண்ணீரில் நனைத்து, துடைத்து, ஈரம் காயும்வரை சும்மா நிற்பார். மூச்சை வெளியே விட்டபிறகுதான் தொடுவார். நடுவில் யாராவது பேசினால் திட்ட மாட்டார். கேமராவின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். எங்களுக்குத் திட்டு வாங்குவதைவிட அந்தத் துணிதான் பயம்.

இன்னொரு பயம் கரண்ட். சுற்றுப்பட்டுக் கிணறுகளில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் குடோனில் விளக்கு மங்கும். கண்ணுக்குத் தெரியாது. படத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஓட்டிப் பார்த்தால் பொம்மையின் முகம் கறுத்து வெளுத்துத் துடிக்கும். அதனால் மோட்டார் ஓடாத நேரம் பார்த்துத்தான் எடுப்போம். சாக்கால் ஜன்னலை அடைத்துவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஊற்ற நிற்போம்.

பிழைப்புக்குக் கடை விளம்பரங்கள் எடுத்தோம். ஒரு வேட்டிக் கடைக்காக, வெள்ளை வேட்டியின் மேல் பொன்வண்டு ஒன்று கரையைப் பிடித்தபடியே நடந்து போகிற மாதிரி எடுத்தது நன்றாக ஓடியது. டூரிங் தியேட்டர்களில் இடைவேளையில் போட்டார்கள். அது செத்த வண்டு என்று எப்படியோ ஊர்களில் பேச்சு பரவிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எம்.ரெட்டியபட்டியிலிருந்து ராமசாமி வந்தார்.

பருத்தி விவசாயம் செய்கிற சம்சாரி. வெள்ளைச் சட்டையும் துண்டுமாக வாசலில் வந்து நின்றார்.

"செத்த வண்ட நடக்க விட்டது நீங்கதானா தாயி?"

"ஆமாண்ணே. என்ன வேணும்?" என்றார் அக்கா.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம். எட்டு வயதுப் பெண்பிள்ளை. ரெட்டைச் சடை. பாவாடை பாதம் வரைக்கும் மூடியிருந்தது.

"எம்மக ரேணுகா. மூளக் காய்ச்சல்ல போயிட்டா. இவள ஒரு தடவ நடக்க வைக்கணும்."

அக்கா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அது வண்டுண்ணே. இது புள்ள. அதெல்லாம் செய்யக் கூடாது. போயிட்டு வாங்க" என்றார்.

அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து, பஞ்சு மூட்டை நிறுக்கிற பழைய தராசு மேடையில் உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் எழுந்து போனார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு வாரத்துக்கு மேல் இது நடந்தது. ஒருநாள் அக்கா அவராகவே போய் அந்தப் படத்தை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"எப்படி நடப்பா?" என்று அவரிடம் கேட்டார்.

"எல்லாப் புள்ளையும் போலத்தேன். நல்லா நடப்பா. வீட்டுல இருந்து வாசல்ல எறங்கி, கைய வீசிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவா." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். துக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

மூட்டுகளை நான் செய்தேன். முகத்தை அக்கா களிமண்ணில் பிடித்து, அச்சு எடுத்து, ரப்பரில் வார்த்தார். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு எத்தனை முகம் செய்து அழித்தார் என்று கணக்கில்லை. பொம்மைக்கு உடுத்துவதற்காக ராமசாமி தன் மகளின் நீலப் பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அக்கா கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துக் கடைசியில் என்னிடம் நீட்டினார். நான்தான் வெட்டினேன்.

படம் சென்னைக்குப் போய்க் கழுவி வந்ததும் ராமசாமிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் மனைவி வெங்கடம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன காட்டப் போகிறோம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. குடோன் சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தோம். நான் புரொஜக்டரை ஓட்டினேன். கதவு திறந்தது. ரெட்டைச் சடையும் நீலப் பாவாடையுமாகப் பிள்ளை வாசலில் இறங்கியது. கையை வீசி வீசி நடந்து தெருக்கோடிக்குப் போயிற்று. முடிந்தது.

"யாரு இது?" என்று வெங்கடம்மாள் கேட்டார்.

"ரேணுகா" என்றார் ராமசாமி.

"எம்மக எந்தக் காலத்துல இப்படி நடந்தா?"

ராமசாமி தரையைப் பார்த்தார். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "கைப்புள்ளயில வந்த காய்ச்சல்ல அவளுக்கு எடது காலு வெளங்காமப் போச்சு தாயி. மொழங்காலுக்கு மேல கைய ஊண்டி ஊண்டித்தேன் நடப்பா. இவரு அவள நடக்கவே விடமாட்டாரு. பள்ளிக்கூடமானாலும் சரி, திருவிழாவானாலும் சரி, தோள்ல தூக்கிட்டே திரிவாரு. பாசத்துல தூக்குனாரா, நாலு பேரு பாப்பாகன்னு தூக்குனாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்ப செத்த பெறகு நல்ல காலு வச்சு விட்டுருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "பாவாடையப் பொட்டியில காணோம்னு தேடிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"ஒரே ஒரு தடவ அப்படிப் பாக்கணும்னு நெனச்சேன்" என்றார் ராமசாமி. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், அதற்குப் பிறகு குடோனுக்குள் வரவே இல்லை.

அந்த இடத்தில் நாங்கள் விட்டிருக்கலாம். அந்தப் படத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அது யாரோ ஒரு பிள்ளை, அவ்வளவுதான். ஆனால் அக்கா எழுந்து வெங்கடம்மாளிடம் போனார்.

"நீங்க நடந்து காமிங்க" என்றார்.

"நானா?"

"ஒங்களுக்குத்தான தெரியும்."

அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். இடது கையை முழங்காலுக்கு மேல் ஊன்றிக்கொண்டார். இரண்டு மூன்று எட்டு வைத்ததும், "இல்ல, இப்படி இல்ல" என்று தானே சொல்லிவிட்டுத் திரும்பவும் கதவிலிருந்து ஆரம்பித்தார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார், ஒரு பிள்ளையின் உயரத்துக்கு. குடோனின் அந்தக் கடைசி வரைக்கும் நடந்து போன வெங்கடம்மாள், சுவரை எட்டியதும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

அந்த வெயில்காலம் முழுக்க அதே வேலைதான். எங்கள் தொழிலில் பொம்மை நேராக நடப்பதே கஷ்டம். இந்தப் பிள்ளை ஒவ்வொரு எட்டுக்கும் குனிந்து நிமிர வேண்டும். கை தொடையை அழுத்தின பிறகுதான் கால் பாரத்தை வாங்க வேண்டும். ஒரு நூல் முந்தினால் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு நூல் பிந்தினால் பிள்ளை விழப்போகிற மாதிரி ஆகிவிடும். இடுப்பு மூட்டை நான் கழற்றிப் புதிதாகச் செய்தேன். சூட்டில் ரப்பர் இளகியது. அக்கா மூன்று நான்கு தடவை கேமராவைத் துணி போட்டு மூடினார். யாரும் பேசியதால் இல்லை. அவருக்கே கை தவறியது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் மழை இல்லை. எங்கள் சுற்றுப்பட்டிலும் ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கமும் கிணறெல்லாம் வறண்டு மோட்டார்கள் ஓடாமல் கிடந்தன. அதனால் எங்கள் விளக்கு ஒருநாளும் மங்கவில்லை. நாங்கள் எடுத்ததிலேயே வெளிச்சம் துடிக்காத படம் அதுதான்.

வெங்கடம்மாள் தனியாக வந்தார். நான் ஓட்டினேன். கதவு திறந்தது. பிள்ளை கையை ஊன்றி வாசலில் இறங்கியது. குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து தெருக்கோடிக்குப் போயிற்று. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவதேன். எம்புள்ளதேன்" என்றார். பிறகு, "இன்னொருக்கா போடுங்க" என்றார்.

அன்று எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. அடுத்த வாரமும் வந்தார். அதற்குப் பிறகு வாராவாரம் சந்தை நாளில், ரெட்டியபட்டி பஸ்ஸில் இறங்கி நேராகக் குடோனுக்கு வந்துவிடுவார். மடியில் கொஞ்சம் துவரங்காயோ பாசிப்பயறோ கொண்டுவந்து அக்காவிடம் தருவார். படம் ஓட ஓட அதில் கீறல் விழுந்தது. வெளிச்சத்தில் அந்தக் கீறல் மழை மாதிரி தெரியும். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஒருநாள் அக்காவிடம், "அவ ஒருக்கா இந்தப் பக்கம் திரும்பிப் பாக்குற மாதிரி செய்வீகளா தாயி?" என்று கேட்டார்.

"நீங்க நடந்து காமிச்சீக, நடக்க வச்சேன். திரும்புனா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் அக்கா.

"எனக்குத் தெரியும்" என்றார் வெங்கடம்மாள். ஆனால் காட்டவில்லை. காட்டச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை.

சில மாதத்தில் அவர் வருவது குறைந்து, நின்றுவிட்டது. சந்தை நாளில் பஸ் சத்தம் கேட்டால் அக்கா வாசலைப் பார்ப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டார். "மனசு ஆறியிருக்கும் கணேசா. நான் செஞ்சதுல உருப்படியானது அது ஒண்ணுதேன்" என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்கள் கேபிள் டிவிக்குப் போயின. குடோனுக்கு யாரும் வரவில்லை. நான் சென்னைக்குப் போய்ப் பெரிய ஸ்டுடியோக்களில் களிமண் பொம்மை, மாவுப் பொம்மை என்று நகர்த்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தபிறகு, அதில் செய்த பொம்மை சரியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான். அக்கா குடோனில் தனியாக இருந்து, முடியாமல் படுத்து, இறந்துபோனார். நான் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தகர டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். சூட்டில் பிலிம் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டி, புளித்த நாற்றம் அடித்தது. பிரித்தால் பிய்ந்தது. அவர் தம்பி மக்கள் இடத்தை விற்றார்கள். டப்பாக்களைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். கல்லூரிப் பிள்ளைகள் மாதிரிக்கு ஒன்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சுழி போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு நிழலில் ஒரு வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்மக் குடோன்ல இருந்தவுகதான நீங்க?" என்றார். வெங்கடம்மாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ராமசாமி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று என்றார். அக்கா இறந்ததை நான் சொன்னேன். "நல்ல மனுசி" என்றார். உங்களை அக்கா ரொம்ப நாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார், நீங்கள் வருவதையே விட்டுவிட்டீர்களே என்று கேட்டேன்.

அவர் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

"முந்தியெல்லாம் கண்ண மூடுனா அவ வருவா. அடுப்படிக்கு வருவா. கெணத்து மேட்டுக்கு வருவா. மழையில நனைஞ்சுக்கிட்டு வருவா. ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு மாதிரி வருவா. ஒங்க படத்தப் பாத்துப் பாத்து, அந்தப் பொம்மதேன் வர ஆரம்பிச்சுச்சு. கதவத் தெறக்குது, வாசல்ல எறங்குது, கோடிக்குப் போகுது. திரும்பக் கதவத் தெறக்குது. பாக்காம இருந்தா எம்புள்ள வந்துருவான்னுதேன் குடோனுக்கு வாரத நிப்பாட்டுனேன். அவ வரல. அந்த மூஞ்சியும் இப்ப ரப்பர் மூஞ்சிதேன்."



"நீங்க அவள நேர்ல பாத்ததே இல்லையில்ல?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"நான் அன்னைக்கு நடந்து காமிச்சேன்ல. அதாச்சும் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? எங்கிட்ட அதுவும் இல்ல. இருந்தா எப்படின்னு சொல்லுங்க."

கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். சேலையைச் செருகியது தெரியும். கையை ஊன்றியது தெரியும். சுவர் ஓரம் போய் நின்றது தெரியும். அவர் நடந்தது மட்டும் வரவில்லை. கதவு திறந்தது. நீலப் பாவாடை வாசலில் இறங்கியது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கும் அதேதேன் வருதா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

ரெட்டியபட்டி பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.